குளிர் காலையில் எரியும் சிவப்பு விளக்கு



கேமரன் மலையில், தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் உறவினர் ஒருவர் இருக்கிறார். சொந்தமாகப் பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம், பீடோரில் நடந்த திருமணத்திற்காகக் குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கினார். வேனில் குழந்தைகளையும் சேர்த்து ஒன்பது பேர். விடியற்காலை ஐந்து மணி. வாயைத் திறந்தால் புகை வரும் குளிர். வண்டியை எடுத்ததும் ஸ்டியரிங்கிற்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் அதைப் பார்த்துவிட்டார்.

"மாப்பிள்ளை, அது என்னங்க சிவப்பா எரியுது?"

"அது குளிருக்கு எரியுது அத்தை. மூணு வாரமா இப்படித்தான். கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிரும்."

அவர் சொன்னபடியே விளக்கு அணைந்தது. மாமியாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஓட்டுகிறவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டார். ரிங்லெட்டைத் தாண்டி, வளைவுக்கு மேல் வளைவாக வண்டி இறங்கிக்கொண்டிருந்தபோது பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. அடுத்த வளைவில் இன்னும் ஆழமாகப் போனது. அதற்கடுத்த வளைவில் மிதி ஏறக்குறைய தரையைத் தொட்டுவிட்டது. என் உறவினர் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவரை ஒட்டிய மண்ணில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. மறுபக்கம் பள்ளம். அந்த விளக்கு அப்போது எரியவே இல்லை.

நேயர்களே, அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து போகும் மனைவி, தாய், பிள்ளைகள் எல்லாரும் கேட்க வேண்டும். ஏனென்றால் ஓட்டுகிறவரின் கண் சாலைமேல் இருக்கும். விளக்கை முதலில் பார்ப்பது பல நேரங்களில் பக்கத்தில் இருப்பவர்தான்.

முதலில், பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

நாம் காலால் மிதிக்கிறோம். அந்த மிதி, மாஸ்டர் பம்ப் என்னும் சிறிய பம்பை அழுத்துகிறது. அந்தப் பம்பிலிருந்து மெல்லிய இரும்புக் குழாய்களும் ரப்பர் குழாய்களும் நான்கு சக்கரங்களுக்கும் போகின்றன. அவற்றுள் நிறைந்திருப்பது பிரேக் எண்ணெய். எண்ணெய் என்று சொல்கிறோமே தவிர, அது எஞ்சின் எண்ணெய் போன்றதன்று. வேறு வகையான இரசாயனத் திரவம். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆகவே, காலில் கொடுத்த அழுத்தம் அப்படியே சக்கரத்திற்குப் போய்ச் சேருகிறது. அங்கே முன்சக்கரத்தில் பிரேக் பேட்கள் சுழலும் இரும்புத் தட்டை இறுகப் பிடிக்கின்றன. பின்சக்கரத்தில் டிரம் இருக்கும் வண்டிகளில், பிரேக் ஷூக்கள் அதன் உட்புறத்தை அழுத்துகின்றன. வண்டி நிற்கிறது.

பேனட்டைத் திறந்தால், ஓட்டுநர் இருக்கைக்கு நேர் முன்னால் பால்நிறத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் புட்டி தெரியும். சில வேன்களில் இது டேஷ்போர்டின் ஓரத்தில், ஒரு மூடிக்குள் இருக்கும். இதுதான் பிரேக் எண்ணெய்ப் புட்டி. இதன் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். எண்ணெய் எப்போதும் மேல்கோட்டிற்கும் கீழ்க்கோட்டிற்கும் நடுவில் நிற்க வேண்டும். இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் புட்டிக்குள் ஒரு சிறு மிதவை உண்டு. எண்ணெய் இறங்கினால் மிதவையும் இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் மின்தொடர்பு ஏற்பட்டு, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். வட்டத்திற்குள் ஆச்சரியக்குறி, இரு பக்கமும் வளைந்த கோடு. இதுதான் அந்த விளக்கின் அடையாளம். பழைய வண்டிகளில் பிரேக் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும்.

இதே விளக்கு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தாலும் எரியும். ஆக, பெரும்பாலான வண்டிகளில் ஒரே விளக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, 'ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடு' என்பது. மற்றொன்று, 'பிரேக் எண்ணெய் குறைந்துவிட்டது' என்பது. முதலாவது சிறிய செய்தி. இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. சிறியதைத் தினமும் பார்த்துப் பழகிய கண், பெரியதையும் சிறியது என்றே எண்ணிவிடுகிறது. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

சரி, குளிருக்கும் இந்த விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம்.

நம் நாட்டில் பனி உறைவதில்லை. என்றாலும் கேமரன் மலையில் குளிர் உண்டு. தானா ராத்தா கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 1978 பிப்ரவரி 1-ஆம் நாள் வெப்பநிலை 7.8 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவாகியிருக்கிறது. சாதாரண நாள்களில் விடியற்காலையில் 15, 16 டிகிரி இருக்கும். அதே நாள் நண்பகலில் தாப்பாவில் 32, 33 டிகிரி இருக்கும். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டதிலிருந்து நம் மக்கள் இந்தக் குளிரில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்து வருகிறார்கள். தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து கிடப்பதையும், அதை அடுப்பங்கரையில் வைத்து இளக்குவதையும் மலைவாசிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரேக் எண்ணெய் அந்தத் தேங்காய் எண்ணெயைப் போல் உறைவதில்லை. ஆனால் எல்லாத் திரவங்களையும் போல, குளிரில் கொஞ்சம் சுருங்கும். வண்டி முழுவதும் சேர்த்து அரை லிட்டர் பிரேக் எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 15 டிகிரி இறங்கினால், அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவு சுருங்கும். புட்டியில் எண்ணெய் மேல்கோட்டருகே இருந்தால் இந்த ஒரு தேக்கரண்டி ஒரு பொருட்டே அன்று. ஏற்கெனவே கீழ்க்கோட்டருகே இருந்தால், அந்த ஒரு தேக்கரண்டிதான் மிதவையை எல்லைக்குக் கீழே தள்ளுகிறது. விளக்கு எரிகிறது. எஞ்சின் சூடாகிப் பக்கத்திலுள்ள புட்டியும் சூடானதும் எண்ணெய் மறுபடி விரிகிறது, மிதவை எழும்புகிறது, விளக்கு அணைகிறது.

ஆகவே, "குளிருக்கு எரியுது" என்று என் உறவினர் சொன்னது பொய்யன்று. அது பாதி உண்மை. குளிரில் ஒரு தேக்கரண்டி சுருங்கினாலே விளக்கு எரிகிற அளவுக்கு எண்ணெய் ஏன் குறைந்தது? அதுதான் மீதிப் பாதி. அதை அவர் கேட்கவில்லை.

பிரேக் எண்ணெய் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அன்று. மூடிய குழாய்க்குள் இருக்கும் அது தானாகக் குறையாது. குறைந்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் பெரும்பாலும் இருக்கும்.

முதற்காரணம், பிரேக் பேட் தேய்வது. பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் சிறிது சிறிதாக வெளியே வந்து நிற்கும். அது விட்டுவந்த இடத்தை எண்ணெய் போய் நிரப்பும். அதனால் புட்டியில் எண்ணெய் இறங்கும். புதிய பேட் சுமார் 10 மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும். 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஆகவே, எண்ணெய் இறங்குவது பேட் தேய்ந்ததைக் காட்டும் அளவுகோலாகவும் இருக்கிறது. பலர் செய்யும் தவறு, கடையில் ஒரு புட்டி பிரேக் எண்ணெய் வாங்கி ஊற்றிவிட்டு விளக்கு அணைந்ததே என்று நிம்மதி அடைவது. அப்படிச் செய்தால் அளவுகோலை அழித்துவிடுகிறோம். தேய்ந்த பேட் தேய்ந்தபடியே இருக்கும்.

இரண்டாம் காரணம், கசிவு. சக்கரத்தருகே எண்ணெயைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையங்கள் பழையதாகிவிட்டால் விறைத்துப்போகும். குளிரில் இந்த விறைப்பு இன்னும் கூடும். அதனால் பகலில் கசியாத பழைய வளையம், விடியற்காலைக் குளிரில் மெல்லக் கசியக்கூடும். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக, வழவழப்பாக இருந்தால் சந்தேகிக்க வேண்டும். பேட்டைவிடக் கசிவே மிகவும் ஆபத்தானது. கசிகிற வண்டியை ஓட்டவே கூடாது.

இவை தவிர, குளிரும் மூடுபனியும் உள்ள இடங்களில் வேறு சில சிறு காரணங்களும் உண்டு. ஈரத்தில் ஹேண்ட் பிரேக்கின் கம்பி துருப்பிடித்து இறுகி, கைப்பிடி முழுவதும் கீழே இறங்காமல் நிற்கலாம். கைப்பிடிக்கு அடியிலுள்ள சிறிய சுவிட்சில் ஈரம் இறங்கலாம். புட்டியிலுள்ள மின்கம்பி இணைப்பில் பச்சை பூத்திருக்கலாம். சில வண்டிகளில் மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டர் பழுதானாலும் பிரேக் விளக்கும் பேட்டரி விளக்கும் சேர்ந்தே எரியும். சரிவில் நிறுத்திய வண்டியில் எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்து விளக்கு எரிவதும் உண்டு. ஆனால் புட்டி நிறைய இருந்தால், சாய்ந்தாலும் சாதாரணமாக விளக்கு எரியாது. சரிவிலோ வளைவிலோ கண்சிமிட்டுவதுபோல் விளக்கு எரிந்து அணைந்தால், எண்ணெய் எல்லைக்கருகே வந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

இனி, விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பிள்ளைகள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது.

முதலாவது, விளக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை எடுப்பதற்கு முன் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு விளக்குகள் எரியும். அவற்றுள் பிரேக் விளக்கும் எரிய வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தும் இதைச் சோதிக்கலாம். எரியவே இல்லையென்றால் விளக்கே கெட்டுவிட்டது. வாய் பேச முடியாத காவற்காரன் போல அது இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, ஹேண்ட் பிரேக்கை நன்றாக மேலே இழுத்து, பொத்தானை அமுக்கி, முழுவதும் கீழே இறக்குங்கள். விளக்கு அணைந்தால், கைப்பிடி சரியாக இறங்காததுதான் காரணமாக இருக்கலாம். ஆனாலும் எண்ணெயை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள். மூடியைத் திறக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்தே மட்டம் தெரியும். தெரியாவிட்டால் கைவிளக்கை ஒரு பக்கம் பிடித்தால் நிழல்கோடு தெரியும். காலையில் எஞ்சினை எடுப்பதற்கு முன் பார்ப்பதே சரி. மாதம் ஒருமுறை அதே நேரத்தில் பார்த்து, மட்டம் இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளலாம்.

நான்காவது, எஞ்சினை எடுத்துவிட்டு, வண்டி நின்றபடியே பிரேக் மிதியை உறுதியாக மிதித்து முப்பது எண்ணும் வரை வைத்திருங்கள். எஞ்சினை எடுத்த அந்த நொடியில் மிதி கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதன்பிறகு கல்போல் நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் பம்பு கெட்டிருக்கிறது. பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தால் குழாய்க்குள் காற்றோ நீராவியோ புகுந்திருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் வண்டியை நகர்த்தாதீர்கள்.

ஐந்தாவது, வண்டிக்கு அடியிலும் நான்கு சக்கரங்களின் உட்பக்கத்திலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிதி உறுதியாக இருக்கிறது, எண்ணெய் மட்டம் சரியாக இருக்கிறது, கசிவு இல்லை, ஆனாலும் விளக்கு எரிகிறது என்றால், சுவிட்சிலோ மின்கம்பியிலோ கோளாறு இருக்கக்கூடும். அப்போதும் மலையிலுள்ள பட்டறையில் காட்டிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். சிவப்பு விளக்கோடு ஏபிஎஸ் என்னும் மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரிந்தால், பட்டறைக்காரரையே வண்டி இருக்கும் இடத்திற்கு வரச்சொல்வது நல்லது. அந்நிலையில் திடீரென்று பிரேக் போட்டால் பின்சக்கரம் இறுகி வண்டி வழுக்கக்கூடும்.

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறேன். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். அந்த 60 கிலோமீட்டரில் வண்டி ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் இறங்குகிறது. ஆள்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள வேன் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தியை வெப்பமாகக் கணக்கிட்டால், 60 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். மண்ணெண்ணெய்த் தகரம் மூன்றுக்கு மேல் தண்ணீர்! அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். நாம் சிறிய கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். பெரிய கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அவ்வளவு சூடும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில்தான் போய் இறங்கும்.

பிரேக் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பொட்டலத்தைத் திறந்து வைத்தால் உப்பு கசிவதைப் பார்க்கிறோம் அல்லவா, அதுபோல. மழையும் மூடுபனியும் ஓயாத இடத்தில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. டாட் 3 என்னும் வகைப் புதிய எண்ணெய் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. அதே எண்ணெயில் நூற்றுக்கு 3.7 பங்கு அளவில் தண்ணீர் கலந்துவிட்டால், 140 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்று அதே விதி சொல்கிறது. டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. ஒரு சிறிதளவு ஈரம் எவ்வளவு கெடுதல் செய்கிறது பாருங்கள்!

எண்ணெய் கொதித்தால் நீராவி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்று சொன்னேன். ஆவியைச் சுருக்க முடியும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், உள்ளே போகும். பிரேக் குழாயில் ஆவி இருந்தால், நாம் மிதிக்கும் மிதி அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். சக்கரத்திற்கு எதுவும் போய்ச் சேராது. என் உறவினரின் மிதி தரையைத் தொட்டதற்குக் காரணம் இதுதான். பிறகு பட்டறையில் பார்த்தபோது பேட்கள் தகடுபோல் தேய்ந்திருந்தன. எண்ணெய் பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் கறுப்புக் கோப்பி நிறத்தில் இருந்தது. பேட் மெலிந்தால் சூடு எண்ணெய்க்கு எளிதில் தாவும். எண்ணெயில் ஈரம் இருந்தால் விரைவில் கொதிக்கும். இரண்டும் சேர்ந்துகொண்டன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காலைக் குளிரில், தோட்டத்துச் சமதரையில், ஆபத்து குறைவாக இருந்த நேரத்தில் விளக்கு எரிந்தது. சரிவில், பிரேக் சூடேறி ஆபத்து உச்சத்திற்குப் போன நேரத்தில் விளக்கு அணைந்திருந்தது. மிதவைக்கு எண்ணெயின் மட்டம் தெரியுமே தவிர, எண்ணெய் கொதிப்பது தெரியாது. ஆகவே, விளக்கு அணைந்தது என்பது பிரேக் சரியாகிவிட்டது என்பதற்கு அடையாளம் ஆகாது. காலையில் எரிந்ததை மாலைவரை மறக்காதீர்கள்.

மலையில் இறங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர், அல்லது அதற்கும் சிறிய கியர். ஆட்டோ கியர் வண்டிகளிலும் 2 அல்லது எல் என்னும் எழுத்துக்குக் கொண்டுவந்து இறங்கலாம். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே போகக்கூடாது. வேகம் கூடும்போது உறுதியாக மிதித்துக் குறைத்து, காலை எடுத்துவிட வேண்டும். இடையில் பிரேக்குக்குக் காற்று பட வேண்டும். நியூட்ரலில் போட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரப்பர் தீய்வது போன்ற வாடை வந்தாலும், மிதி ஆழமாகப் போனாலும் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரும்பு வெடிக்கவோ வளையவோ கூடும். ஆறியபின் மிதி பழையபடி உறுதியாகிவிட்டது என்று நினைத்துப் பயணத்தைத் தொடரவும் வேண்டாம். பட்டறைக்காரர் பார்த்தபிறகுதான் மற்றப் பயணம்.

ஓடும்போதே பிரேக் பிடிக்கவில்லையானால்? மிதியை விட்டுவிட்டுப் பலமுறை வேகமாக மிதியுங்கள். சில நேரம் அழுத்தம் திரும்ப வரும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கியபடியே மெல்ல மெல்ல இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழன்றுவிடும். எஞ்சினை நிறுத்தாதீர்கள், சாவியையும் எடுக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹார்ன் அடித்து மற்றவர்களை எச்சரியுங்கள். வேகம் குறைந்ததும் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரின் பக்கம் வண்டியை உரசி நிறுத்துங்கள். வண்டியில் கீறல் விழும். விழட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவையும் சில உண்டு. பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. வண்டியின் எண்ணெய்ப் புட்டி மூடியில் எந்த வகை என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெயையோ வேறு எண்ணெயையோ ஒரு சொட்டுக்கூடக் கலக்கக்கூடாது. ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். திறந்து பல மாதங்களாகக் கிடக்கும் மீதி எண்ணெய் ஈரத்தை இழுத்திருக்கும்; அது வேண்டாம். இந்த எண்ணெய் விஷம். தண்ணீர்ப் போத்தலிலோ சர்பத் போத்தலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். வண்டியின் சாயத்தில் பட்டால் சாயம் உரிந்துவிடும். உடனே தண்ணீரால் கழுவ வேண்டும்.

குளிர்ப்பகுதியில் இரவு முழுவதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்தால், ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வதுண்டு. ஆகவே, வீட்டருகே சமதரையில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு, சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கல் வைக்கலாம். ஆட்டோ வண்டியானால் பி எழுத்தில் நிறுத்திக் கல் வைக்கலாம். சரிவானால் ஹேண்ட் பிரேக்கும் வேண்டும், கல்லும் வேண்டும். காலையில் கல்லை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

பேட் மாற்றக் காசு வேண்டுமே என்று சிலர் தள்ளிப்போடுவார்கள். மாதச் சம்பளத்தில் அரிசி, பள்ளிச்செலவு, மருந்து என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கிற குடும்பத்தில் அது நியாயமான கவலைதான். ஆனால் நேரத்தோடு மாற்றினால் பேட்டுக்கு மட்டும் செலவு. தள்ளிப்போட்டால் பேட்டின் இரும்பு முதுகு சுழலும் தட்டையும் கீறிவிடும். அப்போது தட்டுக்கும் சேர்த்துச் செலவு. கசிகிற ரப்பர் வளையத்தின் விலையோ மிகச் சிறியது. கையில் காசு குறைவான மாதத்தில், வண்டியை மலையிலிருந்து இறக்காமல் பேருந்தில் போய்வருவதே சிக்கனம்.

விளக்கு கண்ணை உறுத்துகிறது என்று அதன்மேல் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி மறைத்த வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில் ஏறும் குழந்தைகளுக்கு அது தெரியாது.

இனி, பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் உறவினரின் மாமியார் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டார். 'குளிருக்கு எரியுது' என்ற பதிலோடு அடங்கிவிட்டார். இப்போது அவர் அப்படியில்லை. மருமகன் வண்டியை எடுக்கும்போது, "மாப்பிள்ளை, எண்ணெயைப் பார்த்தீங்களா?" என்று கேட்கிறார். பார்த்தேன் என்று சொன்ன பிறகுதான் ஏறுகிறார். மருமகனும் கோபித்துக்கொள்வதில்லை. இறங்கிப் போய், கைவிளக்கைப் புட்டியின் பக்கத்தில் பிடித்து மட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறார். கைவிளக்கைப் பிடித்துக்கொள்வது பேத்தியின் வேலை.

நாளைக் காலை உங்கள் வீட்டு வண்டியிலும் பார்த்துவிடுங்கள்.